நல்லாங்குளத்தில் சொல் விழுந்த காலம்

அந்தச் சொல் இந்தக் கதையில் எங்கேயும் எழுதப்படாது. தெரிந்தவர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்கள் தெரியாமலே போனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நல்லாங்குளம் கடைத்தெருக்காரர்கள் காலனிக்காரர்களுக்கென்றே வைத்திருந்த சொல் அது. கூப்பிடவும் அதுதான், விரட்டவும் அதுதான், வேலை ஏவவும் அதுதான், கோபம் வந்தால் திட்டவும் சிரிப்பு வந்தால் கேலி பேசவும் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிற தங்கள் பிள்ளைக்குப் பயங்காட்டவும் அதுதான். தாத்தா வாயிலிருந்து அப்பன் வாய்க்கும் அப்பன் வாயிலிருந்து மகன் வாய்க்கும் ஒரு தேய்மானமும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்த அந்தச் சொல், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் சாப்பாட்டு மணி அடித்த கையோடு, கல்லாகிக் கீழே விழுந்தது.

விழுந்த இடம் அரசுப் பள்ளியின் சத்துணவுக்கூடம். காலனியைச் சேர்ந்த அந்தோணியம்மாள் அங்கே சமையல்காரியாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடைத்தெருப் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, போகிற பிள்ளைகளைப் பார்த்தபடி அவள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்து உரக்கடை கேசவமூர்த்தி வாசலில் வந்து நின்று, யார் கை பட்ட சோற்றை யார் பிள்ளை தின்பது என்று கத்தி, உள்ளே ஏறி வந்து சாம்பார் அண்டாவைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, மிச்சமிருந்த பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் அந்தச் சொல்லைச் சொன்னார். சொன்ன வாயிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புக் கல் முன்பல் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. கேசவமூர்த்தி குனிந்து பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அந்தோணியம்மாள் கொட்டின சாம்பாரைக் கழுவித் தள்ளிவிட்டு, கல்லை முந்தானையில் முடிந்து, கறை பட்ட அதே சேலையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கேஸ் போடச் சொல்லிப் புகார் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கிக்கொண்டு மனு ரசீது மட்டும் கொடுத்தார். விசாரிக்கிறோம், நீங்க போங்கம்மா என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் பூராவும் கல் விழ ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் விழுந்து கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன, பந்தியில் விழுந்து இலை கிழிந்தது, வயற்காட்டில் விழுந்து டிராக்டர் கலப்பை மழுங்கியது, மணமேடையில் பந்தல்காரனை அவசரமாகக் கூப்பிட்ட மாப்பிள்ளையின் அப்பா வாயிலிருந்து மாப்பிள்ளை மடியிலேயே விழுந்தது. ஏன் விழுகிறது என்று நல்லாங்குளத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் கேட்டார்கள். பேரூராட்சி ஒரு டிராக்டரை அமர்த்திக் காலையிலும் மாலையிலும் கல் அள்ளியது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பல் டாக்டர் ஒருவர் போர்டு மாட்டி உட்கார்ந்தார், உட்கார்ந்த மாதமே கார் வாங்கினார். சாலைக் காண்டிராக்டர் ஜல்லிச் செலவு மிச்சம் என்று அந்தக் கற்களைக் கொட்டி உருட்டிச் சாலை போட்டார். பெரியகடைத் தெரு, கோயில் தெரு, கிட்டங்கித் தெரு என்று பளபளவென்று போய்க்கொண்டே இருந்த அந்தச் சாலை காலனி முனை வந்ததும் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று கேட்டதற்குக் கல் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டார்கள்.

பழக்கம் யாரை விட்டது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை, பல்லையும் இழக்க முடியவில்லை. சிலர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள், துண்டு கிழிந்ததுதான் மிச்சம். சிலர் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினார்கள், அவர்கள் வயிறு கனத்து இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தால்தான் எழுந்து நடக்க முடிந்தது. கடைசியில் பேரூராட்சி கூடி ஒரு தீர்மானம் போட்டது: ஊர் எல்லைக்குள் அந்தச் சொல்லை யாரும் உபயோகிக்கக் கூடாது. அது தப்பான சொல் என்பதால் அல்ல, வண்டி டயர் கிழிகிறது என்பதால். தீர்மானத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் சகாயராணி ஊருக்கு வந்தாள்.

சகாயராணி அந்தோணியம்மாளின் ஒரே மகள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணிதப் பிரிவில் இருந்தாள். மனிதர்கள் பேசுகிற மொழி தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாடுகளால் எழுதிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு குழந்தை தன்னைச் சுற்றி இருப்பவர்களைக் கேட்டுத்தான் பேசப் பழகுகிறது. யாரைப் பெரிய ஆள் என்று நினைக்கிறதோ அவரைப் பார்த்து அதிகமாகப் பழகுகிறது. எந்தச் சொல்லால் லாபமோ அதை வைத்துக்கொள்கிறது, எந்தச் சொல்லால் அடி விழுகிறதோ அதை விட்டுவிடுகிறது. இந்த மூன்றையும் எழுதி, எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதையும் போட்டுவிட்டால், ஒரு சொல் எப்போது பரவும், எப்போது சாகும் என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டிவிடும். பஞ்சாயத்து பேசி, அடிதடி நடந்து, கெஞ்சிக் கதறி நடக்கிற காரியம் இல்லை அது. தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குகிற மாதிரி தானாக நடக்கிற காரியம். அந்தத் 'தானாக' என்பதில்தான் சகாயராணியின் உயிரே இருந்தது.

ஏனென்றால் பத்தாவது படிக்கும்போது, அரைக்கிலோ சீனி வாங்கப் போன மளிகைக் கடையில், அவள் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் நிற்க, கடைக்காரர் அவளை அந்தச் சொல்லால் கூப்பிட்டார். அவள் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்து, கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அழுது முடிக்கும் வரை வகுத்தல் கணக்குப் போட்டாள். அன்றைக்கு வந்த கோபம் அப்புறம் அவளை விட்டு ஒரு நாளும் போகவில்லை. அதை வெளியே காட்ட இடமில்லாமல் கணக்குக்குள் கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சொல் சாகும், அது சாகிற தேதியை நான் கண்டுபிடிப்பேன் என்பது அவள் வைராக்கியம். முனைவர் பட்டத்துக்கு அவள் எழுதியதில் அந்தச் சொல் வெறும் ஓர் எழுத்தாக, ஒரு குறியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறி பூஜ்யத்தைத் தொடுகிற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஊரில் கல் விழுகிறது என்று தெரிந்ததும் அவளுடைய பேராசிரியர் சத்யகீர்த்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இத்தனை வருஷமா ஒரு சொல்லை யார் எப்ப சொல்றாங்கன்னு எண்ண முடியாமத் தவிக்கிறோம். உங்க ஊர்ல அது தரையில விழுது. குனிஞ்சு பொறுக்கினா போதும். கிளம்பும்மா" என்றார். அவள் கிளம்பி வந்தாள்.

வாசலில் பையை வைக்கக்கூட விடவில்லை அந்தோணியம்மாள்.

"எதுக்குடி வந்த? எனக்காக வந்தியா, கல்லுப் பொறுக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்மா."

"ரெண்டுக்கும்னு எவளும் வர முடியாது. ஒண்ணைச் சொல்லு."

சகாயராணி செருப்பைக் கழற்றினாள்.

"கேஸ் போடச் சொல்லி நடையா நடக்குறேன். இன்னைக்கு வா, நாளைக்கு வாங்குறான் இன்ஸ்பெக்டர். நீ படிச்சவ, ஒரு வக்கீலக் கூட்டியாந்தா என்ன? கணக்குப் போட வந்திருக்கா, கணக்கு!"

"அம்மா, கேஸ் போட்டா ஒரு ஆளைத்தாம்மா உள்ள வைக்கலாம். அந்தச் சொல்லே இல்லாமப் போயிருச்சுன்னா?"

"அது போறப்ப போகட்டும். அவன் எந்த அண்டாவ எத்துனானோ அந்த அண்டாவுக்குப் பதில் சொல்லிட்டுப் போகட்டும்." அவள் உள்ளே போய் மகளுக்குச் சோறு போட்டாள், போடும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து சகாயராணி டீக்கடையிலும் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்து எண்ணினாள். யார் சொல்கிறார்கள், என்ன வயசு, யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், கல் விழுந்ததும் பக்கத்தில் நிற்கிற பிள்ளை என்ன செய்கிறது என்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினாள். அவள் கணக்கு ஊரில் உயிரோடு நடமாடியது. முதலில் பணக்காரர்கள் நிறுத்தினார்கள், ஏனென்றால் அவர்களிடம் காசு கொடுத்துக் கட்டின பல்லும் இருந்தது, வெட்கப்பட நேரமும் இருந்தது. அவர்களைப் பார்த்து அவர்களைப் போல ஆக நினைத்தவர்கள் நிறுத்தினார்கள். அப்பனைப் பார்த்துப் பிள்ளைகள் நிறுத்தின. ஒவ்வொரு வாரமும் கோடு அவள் சொன்ன பாதையிலேயே இறங்கியது. தலைமுறைக் கணக்கில் நடக்க வேண்டியது மாதக் கணக்கில் நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பேராசிரியர் தினமும் போன் செய்து ஆனந்தப்பட்டார்.

ஒரு நாள் டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மாள், தலை நிறைய மல்லிகையும் முகம் நிறையச் சிரிப்புமாக, "படிச்ச பொண்ணா இருக்கியேம்மா. நம்ம ஊர்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் சகாயராணி. "ஊர்ல எந்தப் பக்கம்மா நீங்க?" என்று அந்த அம்மாள் இன்னும் பிரியமாகக் கேட்டாள், கேட்ட வாயிலிருந்து தேங்காய் பருமனில் ஒரு கல் இறங்கி இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் விழுந்து, சீட்டின் கம்பி வளைந்து தொங்கியது. "பஸ்ஸெல்லாம் ரொம்பப் பழசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். சகாயராணி கல்லைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை.

அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் எண்ண வந்தது அந்தச் சொல்லை. அந்த அம்மாள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கோட்டை விட்டு விலகி எங்கோ நிற்கிற ஒற்றைப் புள்ளியை ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் எடுத்துவிடுவார்கள், அதில் ஒரு பாவமும் இல்லை. அவளும் எடுத்துவிட்டாள். அப்புறம் அந்த மாதிரிப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. வீடு வாடகைக்குக் கேட்டுப் போன காலனி வாத்தியாரிடம், சொந்தக்காரங்க வாராங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க என்று வீட்டுக்காரர் கைகூப்பிச் சொன்னார், அந்தக் கல் வாசற்படியைப் பிளந்தது. நீங்க சிரமப்பட்டு உள்ளே வரவேண்டாம் அண்ணே, பிரசாதத்தை வெளியிலேயே அனுப்பிவிடுகிறோம் என்று கோயில் கமிட்டிக்காரர் சொன்னார், அந்தக் கல் உருண்டு போய்த் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் நின்றது. பையனுக்கு வயிறு சரியில்லை டீச்சர், அதனால் சத்துணவு வேண்டாம் என்று கடைத்தெருத் தாய்மார்கள் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள், பள்ளிக்கூட வராண்டா கற்களின் பாரத்தால் ஒரு பக்கமாக இறங்கியது. எல்லாமே மரியாதையான பேச்சு. எல்லாவற்றையும் சகாயராணி பார்த்தாள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். கோடு அழகாக இறங்கிக்கொண்டிருந்தது, அந்த அழகைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

புகாரும் அப்படியேதான் கிடந்தது. கேஸ் பதியவில்லை. கேசவமூர்த்தி தங்கப்பல் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார், காலனிக்காரர்கள் வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

கோடு பூஜ்யத்தைத் தொட்ட வாரம் நல்லாங்குளம் கொண்டாடியது. அந்தச் சொல் ஒழிந்த முதல் ஊர் என்று மாவட்ட நிர்வாகம் கேடயம் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் பனைமரம் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். ஒரு பக்கம் பேரூராட்சித் தலைவர் கைகூப்பி நிற்க, இன்னொரு பக்கம் சகாயராணி சிரிக்க, நடுவில் அவள் போட்ட கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. எங்கள் ஊர்க் கணித மேதை என்று எழுதியிருந்தார்கள். எந்த ஊர் அவளைச் சீனி வாங்க விடவில்லையோ அந்த ஊர் அவளுக்குப் பிளெக்ஸ் வைத்திருக்கிறது என்று பார்த்ததும், வெட்கமில்லாமல் சொல்லவேண்டுமென்றால், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தோணியம்மாள் அந்தப் பக்கமாகப் போகும்போது பிளெக்ஸை நிமிர்ந்து பார்க்காமல் போனாள்.

பிளெக்ஸ் வைத்த மூன்றாம் நாள் தாசில்தார் சமாதானக் கூட்டம் என்று ஆள் அனுப்பினார். சமாதானக் கூட்டம் எப்படி நடக்கும் என்று நம் ஊர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் ஒரே டீயைக் கொடுத்து, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேசுவார்கள். அடித்தவர் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது, ஆகவே அடிபட்டவர் புகாரை விட்டுக்கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போவார்.

தாசில்தார் முதல் நாளே சகாயராணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "மேடம், பிரச்சினையே அந்த வார்த்தைதான். அந்த வார்த்தையே இப்ப ஊர்ல இல்ல, நீங்களே ஆதாரத்தோட நிரூபிச்சிருக்கீங்க. இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு மேடம் கேஸ்? அம்மாவை வேற ஸ்கூலுக்கு மரியாதையா மாத்திக் குடுத்துர்றோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க" என்றார். அவருடைய மேஜைக்கடியில் ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. அவர் காலை நகர்த்திக்கொண்டார். சகாயராணி அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

கூட்டம் தாலுகா ஆபீஸ் ஹாலில் நடந்தது. கடைத்தெருவிலிருந்து கேசவமூர்த்தியும் அவருக்குப் பின்னால் பத்திருபது பேரும் வந்திருந்தார்கள். காலனியிலிருந்தும் அத்தனை பேர். இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுவரில் சகாயராணியின் கோட்டைப் பெரிதாகக் காட்டினார்கள், தாசில்தார் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு, இங்கே இருந்தோம், இங்கே வந்துவிட்டோம் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். புகாரைத் திரும்பப் பெறுவதாக டைப் அடித்த காகிதம் மேஜைமேல் பேனாவோடு தயாராக இருந்தது.

கேசவமூர்த்தி எழுந்தார். "அன்னைக்கு ஏதோ கோவத்துல வாய் தவறிருச்சு" என்றார். ஹால் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. ஒன்றும் விழவில்லை, ஏனென்றால் வாயில் கைக்குட்டையை வைத்திருந்தார். கைக்குட்டை மட்டும் கனத்துத் தொங்கியது.

அந்தோணியம்மாள் எழுந்தாள். "வாய் தவறுச்சு, சரி. காலும் தவறுச்சா? அண்டாவ எத்துனது காலு. நான் தப்பு செஞ்சேன்னா சொல்லுங்க, சாம்பார்ல உப்புக் கூடிருச்சுன்னா சொல்லுங்க. நான் எதுக்குய்யா வேற ஸ்கூலுக்குப் போகணும்? நடந்தத எழுதி கேஸப் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

தாசில்தார் சகாயராணியைப் பார்த்தார். பேராசிரியர் சென்னையிலிருந்து சகாயராணியின் போன் வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகாயராணி எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றாள். இருபது வருஷமாக எதற்காகக் கணக்குப் போட்டாளோ அது சுவரில் பூஜ்யத்தைத் தொட்டு நிற்கிறது, அம்மா மட்டும் அதைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு அம்மாமேல் நிஜமாகவே எரிச்சல் வந்தது.

"அம்மா" என்றாள் தணிந்த குரலில், "சொல் போயிருச்சும்மா. மிச்சம் இருக்கிறதும் தானாப் போயிரும், கணக்கு பொய் சொல்லாது. இவ்வளவு நாள் பொறுத்துட்ட. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

பொறுத்துக்கோம்மா என்று சொல்லும்போதே தொண்டையில் என்னவோ அடைத்தது. மூச்சு முட்டியது, வாய் தானாகத் திறந்துகொண்டது, உதடு கிழிய வெளியே வந்தது அந்தக் கல். நல்லாங்குளத்தில் அதுவரை விழுந்ததில் அதுதான் பெரியது. மேஜையை நடுவில் இரண்டாகப் பிளந்து, காகிதத்தையும் பேனாவையும் தன்னோடு இழுத்துக்கொண்டு, தரையை உடைத்துக்கொண்டு அரை அடி ஆழத்தில் போய் உட்கார்ந்தது.

அந்தோணியம்மாள் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள், நெற்றிச் சூடு பார்க்கிற மாதிரி புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இத எந்தக் கணக்குலடி சேப்ப?"

சகாயராணிக்கு உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. விலகின புள்ளி என்று சொல்வதற்கு வாய் வந்தது, வரும்போதே தொண்டையில் மறுபடியும் கனம் ஏறியது, அவள் அதை விழுங்கிக்கொண்டாள். அவள் எடுத்துப் போட்ட புள்ளிகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பஸ் சீட்டும் வாசற்படியும் தேர்ச் சக்கரமும் பள்ளிக்கூட வராண்டாவும் தாசில்தாரின் மேஜைக்கடியும். கல்லின் எண்ணிக்கை குறைந்தது நிஜம்தான். ஊர் தாங்குகிற பாரம் குறையவே இல்லை. செத்தது அந்தச் சொல். அதைச் சொல்ல வைத்தது வேறு நல்ல நல்ல சொற்களில் குடியேறிச் சௌக்கியமாக இருக்கிறது. அதற்கு அவள் பிளெக்ஸில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. கடைத்தெருமேல் வந்தது, பேராசிரியர்மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா பட்ட பாட்டை வழவழவென்று ஒரு கோடாக இழுத்து இவர்கள் கையில் கொடுத்த தன்மேலேயே வந்தது. பத்தாவது படிக்கும்போது வந்த அதே கோபம்தான். இந்த முறை அதைக் கணக்குக்குள் வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

"சார், என் கணக்கு தப்பு" என்றாள். "நான் எண்ணினது சொல்லை. எண்ண வேண்டியதை எண்ணலை, கல்லோட எடையைப் பாக்கலை. அந்தக் கோட்டை எடுங்க சுவத்துல இருந்து."

"எடைங்கிறது நம்ம மாடல்லயே இல்லையேம்மா, அது அடுத்த கட்டுரைக்கு ஆகும்" என்றார் போனிலிருந்து பேராசிரியர் அவசரமாக. சென்னையில் அவர் அறையில் எதுவோ விழுந்து உடைகிற சத்தம் இங்கே எல்லோருக்கும் கேட்டது. அவள் போனை அணைத்தாள்.

ஹாலில் இருந்தவர்கள் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். மேடம் உணர்ச்சிவசப்படாதீங்க என்றார் தாசில்தார், ஒரு கல் விழுந்தது. தங்கச்சி நம்ம ஊருக்கே பெருமை, நாங்க வேத்துமை பாக்குறமா என்றார் கேசவமூர்த்தி, கைக்குட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கல் விழுந்தது. எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கோம் என்றார் ஒருவர், அந்தக் காலத்துலயே எங்கப்பா உங்காளுங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கார் என்றார் இன்னொருவர், கேஸுன்னு போனா ரெண்டு பக்கமும் மனக்கசப்புத்தானே என்றார் மற்றொருவர், அம்மா பெரிய மனசு பண்ணணும் என்றார் பேரூராட்சித் தலைவர். ஒவ்வொருவரும் வணக்கத்தோடும் புன்னகையோடும் பேசினார்கள், பேசப் பேசக் கல் விழுந்தது, விழுந்த கல்லில் கால் இடித்தும் பேசினார்கள், முழங்கால் வரைக்கும் கல் ஏறிய பிறகும் நிறுத்தாமல் பேசினார்கள். வாசல் அடைபட்டது. ஒரு ஜன்னல் கம்பி பிய்ந்துகொண்டு போனது. ஹாலின் தரை கடைத்தெருக்காரர்கள் நின்ற பக்கமாகச் சாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "கேஸ் போட மாட்டேன்னு நான் சொல்லலையே. போடலாம். சூழ்நிலை பாத்துப் பதமாப் போடலாம்" என்றார். அவர் பூட்ஸ் மேலேயே விழுந்தது. அவர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கெஞ்சாத குறையாகச் சகாயராணியைப் பார்த்துக் கேட்டார்: "எப்பப் போடணும்? நீங்களே ஒரு தேதி சொல்லுங்க மேடம்."

தேதி சொல்வதுதான் அவள் படித்த படிப்பு. சகாயராணி உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"இப்ப" என்றாள்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

அந்தோணியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கற்கள்மேல் காலை வைத்து ஏறி, இன்ஸ்பெக்டர் எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுங்க" என்றாள்.